கலிலியோ, நியூட்டன்: தேதிக் குழப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார இறுதி இணைப்பின் அறிவியல் கட்டுரையில் 'கலிலியோ மறைந்த அதே 1642-ல் நியூட்டன் பிறந்தார்' என்று வந்திருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குதான் உதைக்கிறது. கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8, இத்தாலி பின்பற்றிய கிரிகோரியன் (இன்று நாம் புழங்கும் நாட்காட்டி) தேதி. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25, இங்கிலாந்தில் அப்போது புழங்கிய ஜூலியன் (அதற்கு முந்தைய பழைய நாட்காட்டி) தேதி. நியூட்டனைக் கிரிகோரியனுக்குக் கொண்டுவந்தால் 1643 ஜனவரி 4. கலிலியோவை ஜூலியனுக்குக் கொண்டுபோனால் 1641 டிசம்பர் 29. எப்படிப் புரட்டினாலும் இருவரும் ஒரே ஆண்டில் சேர மாட்டார்கள்.

ஜூலியன் ஆண்டு, சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் நீளம். 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். அதைச் சரிக்கட்டத்தான் 1582-ல் அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாளை அக்டோபர் 15 வெள்ளி ஆக்கினார் போப் 13-ம் கிரிகோரி. போப் சொன்னதாயிற்றே என்று இங்கிலாந்து 1752 வரை இழுத்தடித்தது. ரஷ்யா 1918-ல்தான் மாறியது.

மாற்றுவது எளிது. 1582-க்குப் பிந்தைய ஜூலியன் தேதியோடு 1700 பிப்ரவரி வரை 10 நாள், 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, அதன் பிறகு 13 கூட்ட வேண்டும். ரஷ்யாவின் 'அக்டோபர்' புரட்சி நவம்பர் 7-ல் விழுவது இந்த 13-ஆல்தான். 1600-ல் வித்தியாசம் கூடாததற்குக் காரணம், 400-ஆல் வகுபடும் நூற்றாண்டு வருடங்கள் இரண்டு முறையிலும் லீப் ஆண்டு என்பது; 1700, 1800, 1900 போன்றவை ஜூலியனில் மட்டுமே லீப் ஆண்டு.

ஆண்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. முதலாம் சார்லஸ் மன்னர் தலை வெட்டப்பட்ட நாள் அக்கால ஆவணங்களில் 1648 ஜனவரி 30. இன்றைய நூல்கள் ஆண்டை மட்டும் 1649 ஆக்கிவிட்டு நாளைத் தொடுவதில்லை. நாளையும் மாற்றினால் பிப்ரவரி 9. பாதி மாறிய இத்தகைய தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாளக் கூடாது.

எனவே இத்தகைய தேதிகளுக்குப் பக்கத்தில் 'பழைய முறை' (ஜூலியன்) அல்லது 'புதிய முறை' (கிரிகோரியன்) என்று ஒரு சொல் போட்டுவிடுங்கள். மெய்ப்புப் பார்ப்பவருக்கும் ஒரு வார்த்தை: சுவீடன் பற்றிய கட்டுரையில் '1712 பிப்ரவரி 30' என்று வந்தால் அச்சுப்பிழை என்று அடித்துவிட வேண்டாம். புதிய முறைக்கு மாறத் தொடங்கி, 1700-ல் லீப் நாளை விட்டுவிட்டு அரைகுறையாக நின்ற அந்த நாடு, பழைய முறைக்கே திரும்புவதற்காக அந்த ஒரு நாளைச் சேர்த்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்