கருங்கட்டிகளைக் கழுவாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ் குடாநாட்டில் கிணறு வெட்டும்போதும் அத்திவாரம் தோண்டும்போதும் இரும்புக் கசடு (இரும்பு வேலையில் மிஞ்சும் கருங்கட்டி) அகப்பட்டால் உடனே "பழைய இரும்பு உலை" என்கிறோம். அவசரம் வேண்டாம். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். உலைக்கேற்ற தாது இங்கு இல்லை.

மரக்கரி உலையில் இரும்பு உருகி ஓடுவதில்லை. அதற்கு 1538 பாகை செல்சியஸ் வேண்டும். அவ்வுலைகளின் சூடு ஏறக்குறைய 1200 பாகைதான். வழிந்தோடுவது கசடு. இரும்போ துளை நிறைந்த கட்டியாக உள்ளே தங்கும். சூட்டோடு அடித்துக் கசட்டை வெளியேற்ற வேண்டும். கரி ஈரமானால் சூடு இறங்கி, கசடு உறைந்து ஊதுகுழலை அடைக்கும். கரியும் சூடும் மிகுந்தால் இரும்பு கரிமத்தை உறிஞ்சிச் சம்மட்டியடியில் நொறுங்கும். பலாங்கொடைக்கு அருகே சமனலவெவவில் 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, துருத்தியின்றித் தென்மேல் பருவக்காற்றாலேயே மேற்குச் சரிவுகளில் உலை எரித்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய தொழிலறிவு!

அகப்பட்ட கருங்கட்டி வழிந்து மடிந்து உறைந்திருந்தால் தாது உலையின் கசடு. மேல் தட்டையாய், அடி கிண்ணமாய் வளைந்திருந்தால் பெரும்பாலும் கொல்லன் பட்டறையுடையது; சுற்றுமண்ணில் காந்தத்தை ஓட்டினால் மெல்லிய செதில்கள் ஒட்டும். அதுவும் அரிய சான்றே.

பழங்குடியிருப்புகள் அகழப்பட்ட ஆனைக்கோட்டை, கந்தரோடைப் பக்கத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கட்டியைக் கழுவாமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதி, ஒட்டியிருக்கும் கரித்துண்டைக் கை படாமல் அலுமினியத் தாளில் சுற்றி, பல்கலைக்கழகத் தொல்லியலாளரிடம் கொடுங்கள். காலத்தைக் கணிக்க அந்தக் கரிதான் உதவும்.

வாசகர்,
யாழ்ப்பாணம்