போட்டி அறிவித்தலைப் படமாக அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

காலையில் சக்கர நாற்காலியில் இருந்து குண்டு எறிதல் விளையாட்டுப் பழகுகிறேன். பகலில், இணையத்தளங்களை மாற்றுத்திறனாளிகளால் பயன்படுத்த முடிகிறதா என்று வீட்டிலிருந்தே சோதித்துக் கொடுப்பது என் தொழில். இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்கிறார்கள். வேலை நேரத்தை மாற்றலாம். வன்னி வெயிலை மாற்ற முடியாது. சரி, அது என் பாடு.

எரிச்சல் வருவது போட்டி அறிவித்தல்களைப் பார்க்கும்போதுதான். கடிதத்தை ஸ்கான் செய்து வட்ஸ்அப்பில் படமாகப் போடுகிறார்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள்தான் திரைவாசிப்பான்; பார்வையற்ற வீரரின் திரைவாசிப்பான் அந்தப் படத்தில் என்னத்தை வாசிக்கும்? பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பும் அப்படித்தான்: கண்ணுக்குத் தமிழ், மென்பொருளுக்கு ஆங்கில எழுத்துக் குவியல். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் அடித்தால், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பான்கூட வாசித்துவிடும்.

இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை தகவல் அணுகலையும், 30ஆம் உறுப்புரை விளையாட்டையும் அவர்களின் உரிமையாகவே சொல்கின்றன. 2021இல் டோக்கியோ பராலிம்பிக்கில் நம் நாட்டு வீரர் தினேஷ் பிரியந்த ஈட்டி எறிதலில் தங்கம் வென்றபோது எல்லோரும் கைதட்டினோம். விளையாட்டு உத்தியோகத்தர்களே, அடுத்த மாவட்டப் போட்டியின் விண்ணப்பப் படிவத்தையாவது யூனிகோடில் தாருங்கள்.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி