அப்புத்தளைய ரெண்டு மணி நேரத்துல பார்க்க முடியாதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க பேப்பர்ல மலையகச் சுற்றுலா பத்தி வந்த கட்டுரைய சலூன்ல முடி வெட்டக் காத்துக்கிட்டு இருந்தப்போ படிச்சேன். எல்லவுக்கு முக்கால் பக்கம், ஒன்பது வளைவுப் பாலத்துக்கு பெரிய கலர் போட்டோ, எங்க அப்புத்தளைக்கு நாலே நாலு வரி. அது கூடப் பரவாயில்ல, எல்லவுக்குத்தான் இப்ப மவுசு, தெரியும். ஆனா அந்த நாலு வரியில "போற வழியில ரெண்டு மணி நேரம் இறங்கி லிப்டன் சீட் பார்த்துட்டு அடுத்த ரயில்ல போகலாம்"னு எழுதியிருக்கே, அதான் மனசுல உறுத்துது. லிப்டன் சீட்னா தேயிலைக்கார லிப்டன் துரை உக்காந்து தோட்டத்தப் பார்த்த மலையுச்சி. எழுதினவர் அங்க இறங்கினாரா இல்ல ஜன்னல் வழியா பார்த்தாரான்னு தெரியல.

கணக்கப் பாருங்க. கொழும்பு கோட்டையில விடியக்காலம் ஏறினா அப்புத்தளை போய்ச் சேர எட்டொம்பது மணி நேரம், அதாவது மத்தியானம் ரெண்டு மூணு ஆயிடும். ஸ்டேஷன்ல இருந்து தம்பேதென்ன தேயிலை பெக்டரிக்கு பத்து கிலோமீட்டர், அதுக்கு மேல சீட்டுக்கு இன்னும் ஏழு, எல்லாம் வளைவும் ஏத்தமுமான தோட்டத்து ரோடு, எதிர்ல ஒரு பஸ் வந்தா த்ரீவீலர் ஓரத்துல ஒட்டி நிக்கணும். போக வர மட்டுமே ரெண்டு மணி நேரம் போதாது. சரி எப்படியோ பறந்து போயிட்டீங்கன்னு வச்சாலும் அங்க என்ன தெரியும்? வெள்ளையா மிஸ்ட், அவ்வளவுதான்.

அது ஏன்னா ஊர் இருக்கற இடம் அப்படி. 1400 மீட்டருக்கு மேல ஒரு ஒல்லியான மலை முதுகுல ஊர் உக்காந்திருக்கு, தெக்குப் பக்கம் அப்படியே சுவர் மாதிரி கீழ இறங்கி சமவெளி. காலையில வெயில் ஏற ஏற கீழ இருக்கற ஈரக்காத்து சூடாகி அந்தச் சுவரப் பிடிச்சு மேல வருது, மேல வந்து குளிர்ந்து மேகமாகுது. ஒன்பது பத்து மணிக்கெல்லாம் ஆரம்பிச்சிரும், மத்தியானம் மெயின் தெருவுலயே எதிர்க் கடை தெரியாது. சின்ன வயசுல ஸ்கூல் விட்டு வரும்போது ரயில் தண்டவாளத்தக் கடக்க முன்னாடி நின்னு காதக் குடுத்துக் கேப்போம், கண்ண நம்ப முடியாது.

அதனால வாசகர்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், ஒரு ராத்திரி தங்குங்க. மத்தியானம் வந்து சேர்ற ரயில்ல வாங்க, படுங்க, விடியறதுக்கு முன்னாடி மேல ஏறுங்க.

வர்ற வழியும் கொஞ்சம் சொல்லிடறேன். ரிசர்வ் டிக்கெட் கிடைக்கலன்னு நிறைய பேர் ப்ளானையே விட்டுடறாங்க, வேணாம், மூணாம் வகுப்புல ஏறுங்க, ஹட்டன், நானுஓயா தாண்டினா கூட்டம் கொஞ்சம் குறைஞ்சு சீட் கிடைக்க வாய்ப்பிருக்கு, உண்மையான காட்சியே அதுக்கப்புறம்தான. பட்டிப்பொல இந்த நாட்டுலயே உசரமான ஸ்டேஷன், அதத் தாண்டி 6226 அடின்னு போர்டு இருக்கு, பிறகு சுரங்கம், சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வானிலை, அந்தப் பக்கம் வேற வானிலை. ஓஹிய தாண்டினதும் வலப்பக்க ஜன்னலுக்கு வந்திருங்க. ஆனா படியில தொங்கி போட்டோ எடுக்காதீங்க, அங்க பாறை தோள உரசற தூரத்துல இருக்கு. 1893ல இந்த ரயில் அப்புத்தளைக்கு வந்திச்சு, பதுளைக்குப் போக 1924 ஆச்சு, அவ்வளவு கஷ்டமான மலை அது.

பஸ்னா கொழும்புல இருந்து பதுளை பஸ், இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை வழி. நுவரெலியாவுல இருந்து வெலிமடை வந்து மாறணும். மட்டக்களப்புப் பக்கத்து ஆக்கள் செங்கலடி, பிபிலை, பசறை வழியா பதுளைக்கு வந்து அங்கருந்து பண்டாரவளை வழியா வரலாம். ஐப்பசி கார்த்திகை மழையில மட்டும் யோசிச்சு வாங்க. பெரகலையில இருந்து வெல்லவாய பக்கம் இறங்கினா கொஸ்லாந்தை வருது, அங்க மீரியாபெத்தையில 2014 அக்டோபர் 29 காலையில மலை சரிஞ்சு தோட்டத்து லயம் வீடுகளோட சனத்த மூடினது எங்க ஊர்ல யாரும் மறக்கல, இப்பவும் நாலு நாள் விடாம மழை பெஞ்சா எங்க அம்மாவுக்குத் தூக்கம் வராது.

விடியக்காலம் தம்பேதென்ன போற பஸ்லயே ஏறுங்க, த்ரீவீலர் வேணாம். வேலைக்குப் போற ஆக்கள், ஸ்கூல் புள்ளைங்க, கோழி தீன் மூட்டை எல்லாம் அதுலதான் போகும். விடியற வெளிச்சத்த மேல லிப்டன் சீட்லயே பார்க்கணும்னா மட்டும் ராத்திரியே த்ரீவீலர் பேசி வைங்க. லிப்டன் 1890ல கட்டின பெக்டரி அங்க இன்னும் ஓடுது, அங்கருந்து ஏழு கிலோமீட்டர் நடை, தேயிலைக்கு நடுவுல. மேல லிப்டன் ஐயா சிலையா பெஞ்சில உக்காந்திருக்கார், பக்கத்துல நம்மளும் உக்காந்து போட்டோ எடுக்கலாம், எல்லாரும் எடுக்கறாங்க. நல்ல தெளிவான காலையில கீழ உடவளவைத் தண்ணி மின்னும். ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் எங்க ஊவா மாகாணத்துத் தேயிலைக்கு நல்ல சீசன், காஞ்ச காத்து அடிச்சு இலையில ஒரு வாசம் ஏறும், அந்த நேரம் பெக்டரி பக்கம் நடந்தாலே மூக்குக்குத் தெரியும்.

இப்ப நான் எழுத வந்த ரெண்டாவது விஷயம், இதத்தான் உங்க கட்டுரை சுத்தமா விட்டுடுச்சு. அந்த மலையில கொழுந்து எடுக்கற பொம்பளைங்கள நிப்பாட்டி, சிரிக்கச் சொல்லி, கூடைய இப்படித் திருப்புங்க அப்படித் திருப்புங்கன்னு பத்து நிமிஷம் போட்டோ எடுக்கறாங்க. எங்க அம்மா முப்பது வருஷம் அந்த வேலை செஞ்சவங்க. தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கிலோக் கணக்கு இருக்கு, அந்தக் கிலோ வரலன்னா அரைப்பேர்தான் போடுவாங்க, அதாவது பாதி நாள் சம்பளம். முழுப்பேர் போட்டாலும் எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும், 2021ல ஆயிரம் ரூபாய்க்கே எத்தனை போராட்டம், 2024ல 1350. காலையில கொழுந்து ஈரமா கனமா இருக்கற அந்த நேரந்தான் அவங்களுக்கு முக்கியம், உங்களுக்கும் மிஸ்ட் இல்லாத அதே நேரந்தான் முக்கியம், ரெண்டும் மோதுது. கேட்டுட்டு எடுங்க, ஒரு தடவை எடுங்க, நகருங்க. தமிழ்ல "அக்கா ஒண்ணு எடுக்கட்டுமா"ன்னு கேட்டாலே மூஞ்சி மாறிடும், வெளிநாட்டுக்காரன் கேட்கத் தெரியாம எடுக்கறான், நம்ம ஆக்களுக்கு என்ன வந்திச்சு?

இறங்கி வந்ததும் பசிக்கும், டவுன்ல சுடச்சுட ரொட்டியும் கட்டசம்பலும் பிளேன்டீயும் சாப்பிடுங்க. நேரம் இருந்தா ஊர்ல இருந்து மூணு கிலோமீட்டர்ல அடிசம் பங்களா, 1931ல வில்லியர்ஸ் துரை கட்டின கருங்கல் வீடு, இப்ப பெனடிக்ட் சபைத் துறவிகள் மடம். எல்லா நாளும் திறக்க மாட்டாங்க, சனி ஞாயிறு, பௌர்ணமி போயா, ஸ்கூல் லீவு நாள்தான், அது தெரியாம செவ்வாக்கிழமை போய் கேட்ல நின்னு திரும்பற ஆக்கள ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் பார்க்கறேன். அந்தத் துறவிகள் செய்ற கொய்யா ஜெலியும் ஜாமும் வாங்கிக்கலாம்.

இந்தக் கடிதத்த வெட்டித்தான் போடுவீங்கன்னு தெரியும், வெட்டினா ரயில் சமாச்சாரத்த வெட்டுங்க, அரைப்பேர் விஷயத்த மட்டும் வெட்டாதீங்க. அடுத்த தடவை யாரையாவது எழுத அனுப்பினா மத்தியான ரயில்லயே அனுப்புங்க, ஒரு ஸ்வெட்டரும் குடுத்து.

இப்படிக்கு,
அப்புத்தளைக்காரன் ஒருத்தன்,
கொழும்பு 13.