டெக்சஸில் எல்.சி.டி.சி. உரிமம்: விண்ணப்பிக்கும் முன் பாருங்கள்

உறுப்பினர்களுக்கு வணக்கம். டெக்சஸில் மது, போதை மீட்பு ஆலோசகர் உரிமம் (எல்.சி.டி.சி.) பற்றிப் பலரும் கேட்பதால் இந்தக் குறிப்பு.

முதலில் 270 மணிநேரப் பாடம் (கல்லூரிக் கணக்கில் 18 செமஸ்டர் மணி), பிறகு 300 மணிநேரக் களப்பயிற்சி. இவை முடிந்ததும் கைரேகைச் சோதனையோடு, பயிற்சி ஆலோசகராக மாநிலச் சுகாதார ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் மேற்பார்வையில் 4,000 மணிநேர வேலை. முழுநேரம் செய்தால் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. எழுத்துத் தேர்வும், குறைந்தது அசோசியேட் பட்டமும் (இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டம்) தேவை. சமூகப்பணியிலோ கவுன்சலிங்கிலோ முதுகலை முடித்தவர்கள் 4,000 மணிநேரத்துக்கு விலக்குக் கேட்கலாம். இந்தியப் பட்டம் என்றால், அது அமெரிக்கப் பட்டத்துக்கு இணையா என்று பார்க்கும் சான்றிதழ் மதிப்பீட்டை முதலிலேயே தொடங்குங்கள், அதற்குத்தான் நாளாகும்.

அதிகம் சிக்கல் வருவது மணிநேரக் கணக்கில். பதிவுக்கு முன் செய்த வேலை இதில் சேராது. மேற்பார்வையாளருக்குத் தகுதி இல்லையென்றாலும் அந்த மணிநேரம் வீண், எனவே வேலையில் சேரும் முன்பே அவருடைய உரிம எண்ணை ஆணையத்தின் இணையத் தேடலில் பார்த்துவிடுங்கள். அவர் வேலை மாறிப் போய்விட்டால் பழைய மாதங்களுக்குக் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு. மாதக் கடைசியில் தேதி, மணி, செய்த பணி மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வீட்டிலும் வையுங்கள். அந்தத் தாளில் நோயாளி பெயர் ஒருபோதும் வரக்கூடாது. சிகிச்சை பெறுகிறார் என்பதே கூட்டாட்சிச் சட்டப்படி ரகசியம்.