தீபாவளிக்குப் படம் பார்க்கப் போகும் முன்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளையின் சாப்பாட்டு டப்பா தடாலென்று கீழே விழுந்தது. பக்கத்தில் இருந்த சிறுவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் குனிந்துவிட்டான். விசாரித்தால், ஞாயிறு இரவுக் காட்சிக்குப் போயிருக்கிறான். "யுஏ படம்தானே டீச்சர், பெரியவங்க கூட இருந்தா போதும்னு நினைச்சோம்" என்றார் அவன் அம்மா. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

சென்சார் சான்றிதழின்படி அது யுஏ 16+ படம். அந்த எண்ணைப் பலரும் கவனிப்பதில்லை. முன்பெல்லாம் யுஏ ஒன்றுதான். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் வழிகாட்டுதல் தேவை என்று பொருள். 2023இல் சட்டத்தைத் திருத்தி அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் படம் ஏற்றதா என்று பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும். தியேட்டர் வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள், சட்டமே அதை உங்கள் பொறுப்பில்தான் விட்டிருக்கிறது. ஆகவே கூடவே உட்கார்ந்திருந்தால் போதும் என்று எண்ணாதீர்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை 16+ படத்துக்கு அழைத்துப் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஏ சான்றிதழ் அப்படி அல்ல. 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். அப்பா அம்மா கூட வந்தாலும் பிள்ளைக்கு அனுமதி இல்லை. மீறித் திரையிடுவது சட்டப்படி தண்டனைக்குரியது. யு படத்தை எல்லோரும் பார்க்கலாம். எஸ் என்பது மருத்துவர்கள் போன்ற குறிப்பிட்ட துறையினருக்கு, நமக்கு அது தேவைப்படாது.

படம் தொடங்கும்போது திரையில் சான்றிதழைக் காட்டுவார்கள். அதற்குள் பாப்கார்னே வாங்கியிருப்போம்! டிக்கெட் எடுக்கும்போதே படத்தின் பெயருக்குப் பக்கத்தில் பாருங்கள்.

அப்புறம், வீட்டில். ஓடிடி தளங்களிலும் இதே வயது வரிசைதான். 13+க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் பூட்டு வசதி தர வேண்டும் என்பது 2021 விதி. ஆனால் பூட்ட வேண்டியது நாம்தான். பிள்ளையின் பிறந்த தேதியை மட்டும் பின் நம்பராக வைக்காதீர்கள், முதலில் அதைத்தான் அழுத்திப் பார்ப்பார்கள்.

ஏற்கெனவே எதையாவது பார்த்துப் பயந்திருந்தால், "இதுக்கெல்லாமா அழுவ?" என்று அதட்டாமல் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தச் சிறுவனை இப்போது டீச்சர் மேசைக்கு அருகில் உட்கார வைத்திருக்கிறோம். இந்தத் தீபாவளிக்கு வெடி வேண்டாம், மத்தாப்பு போதும் என்கிறானாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்