பாம்பன் பாலத்தையே பாடமா எடுக்கலாமே

ஆசிரியருக்கு வணக்கம். 1914ல திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துல கப்பல் வந்தா ஆளுங்க நின்னு கையாலயே சுத்தி நடுப்பகுதியை ரெண்டா பிரிச்சு தூக்குவாங்க, 2025ல வந்த புதுப் பாலத்துல 72.5 மீட்டர் இரும்பு ஸ்பான் (தூக்குற நடுப்பகுதி) மோட்டார்ல அப்படியே 17 மீட்டர் மேல போகுது, ரெண்டுலயும் பெரும்பாலான பாரத்தை சுமக்கிறது எதிர் எடைதான், அதாவது தூக்குற பகுதிக்கு ஈடா மறுபக்கம் வச்ச கனம். ஆனா மண்டபம், ராமேஸ்வரம் பிள்ளைங்க இதை பஸ் ஜன்னல்ல பார்க்கிறதோட சரி.

ஐஸ் குச்சி, நூல், ரெண்டு கப்பி, கொஞ்சம் மணல் கொடுத்து அவங்களையே ஒரு தூக்குப்பாலம் செய்யச் சொல்லுங்க, நூலோட மறுமுனையில ஒரு பையைக் கட்டி அதுல மணலை கூட்டிக் குறைச்சு சரியா வந்ததும் ஒத்த விரல்ல பாலம் மேல வரும், அப்புறம் எதிர் எடைன்னா என்னன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். செலவும் பெருசா இல்ல. ரயில்வே இன்ஜினியருங்களை கூப்பிட்டு கல்வித்துறை இந்த வருஷமே ஒர்க்‌ஷாப் வைக்கணும், அதுவும் அரசுப் பள்ளியிலதான் முதல்ல.