“வேலையைக் கூட்டிக்கோ, மறந்துடும்” என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காதல் முறிந்த பிள்ளைக்கு எங்கள் ஊரில் கிடைக்கும் முதல் அறிவுரை, “வேலையைக் கூட்டிக்கோ, மறந்துடும்” என்பதுதான். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். எந்தத் துக்கம் வந்தாலும் விடியலில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, ரப்பர் வெட்டு முடித்து, பால் வாளியோடு அதையும் சுமந்து பழகிய தலைமுறை. ஆனால் அவர்களுக்கு வேலை ஒன்றுதான் இருந்தது. சிலிம் ரிவரிலிருந்து பேராங் பாலிடெக்னிக்குக்கும் தஞ்சோங் மாலிம் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கும் போய்வந்துகொண்டே, மாலையில் மினிமார்க்கெட்டிலும் பெட்ரோல் நிலையத்திலும் மாமாக் (இந்திய முஸ்லிம் உணவுக்) கடையிலும் நிற்கும் இன்றைய பிள்ளைகளுக்கு வேலை இரண்டு. கூட்டச் சொல்வது ஒன்றை, குறைவது மற்றொன்று.

கணக்கைப் பார்ப்போம். நம் மலேசியக் கல்வித்தர முறையில் ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, டுடோரியல், இடுபணி, சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். 15 கிரெடிட் எடுத்தவருக்கு ஒரு பருவத்தில் 600 மணி. தேர்வு நாள்களோடு 17 வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 35 மணி. மாலை 6 முதல் 11 வரை ஐந்து நாள் கடை வேலை 25 மணி. ஆக 60. கடினம்தான், ஆனாலும் ஓடுகிறது. பிரிவுக்குப் பிறகு சனி, ஞாயிறு எட்டு எட்டு மணியாக இரண்டு ஷிப்ட் சேர்கிறது. இப்போது 76. தூக்கம் 49, போக்குவரத்து 10 என்று சேர்த்தாலும் 135தான். வாரத்தில் இருப்பதோ 168 மணி. இன்னும் 33 மணி மிச்சம்! தாளில் எங்கேயும் இடிக்காது. பிள்ளைகள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அந்த 35 மணி, மனம் ஓரிடத்தில் நிற்பவருக்குப் போட்ட கணக்கு. பிரிந்த புதிதில் ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தாலும் ஏறாது. ஒரு மணி நேர வேலை இரண்டு மணியை விழுங்கும். 49 மணித் தூக்கமும் கிடைக்காது. பதினொன்றுக்குக் கடையடைத்து வீட்டுக்கு வந்து, விடியற்காலை இரண்டு மணி வரை பிரிந்தவரின் ஸ்டேட்டஸைத் தடவிக்கொண்டிருந்தால் மிஞ்சுவது நான்கு மணித் தூக்கம். கடையில் மட்டும் இந்தக் குறை வெளியே தெரியாது. கை பழகிய வேலை, வாடிக்கையாளர் கூட்டம், யோசிக்க இடைவெளி இல்லை. வகுப்பில் அப்படி இல்லை. அங்கே அமைதி இருக்கும், மூன்றாவது வரிசையில் அந்த முகமும் இருக்கும். ஆகவே பிள்ளை கடைக்கு ஓடுகிறது, வகுப்பைத் தவிர்க்கிறது. வீட்டில் “பொறுப்பு வந்திருச்சு” என்று சந்தோஷப்படுகிறார்கள்.

சம்பாதிப்பது எவ்வளவு? குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), மணிக்கு 8.17 வெள்ளி. வார இறுதியின் 16 மணிக்கு ஏறக்குறைய 131 வெள்ளி. எட்டு வாரம் ஓடினால் 1,046. அந்த ஓட்டத்தில் பாடம் தவறி, படிப்பு ஒரு பருவம் நீண்டால், முழுநேர வேலைக்குப் போவது ஆறு மாதம் தள்ளுகிறது. குறைந்தபட்சச் சம்பளத்தில் பார்த்தாலே 10,200 வெள்ளி. பிடிபிடிஎன் எனும் அரசாங்க உயர்கல்விக் கடனும் படிப்புக் காலத்துக்கு அளந்து கொடுப்பதுதான். நீளும் பருவத்தின் கட்டணத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டி வரும்.

முதலில் சரிவது வருகைப் பதிவு. பெரும்பாலான கல்லூரிகளில் 80 விழுக்காடு இல்லாவிட்டால் இறுதித் தேர்வில் உட்கார விடமாட்டார்கள். வாரம் 3 மணி நடக்கும் பாடம் 14 வாரத்துக்கு 42 மணி. அதில் 20 விழுக்காடு 8.4 மணி. ஒரு வாரம் முழுக்கப் போகாவிட்டால் 3 மணி போச்சு. இரண்டு வாரத்தில் 6. மூன்றாவது வாரம் 9, கதை முடிந்தது. மனம் ஆறுவதற்கு மூன்று வாரம் என்பது ஒன்றுமில்லை; வருகைப் பதிவுக்கு அதுவே எல்லை. அதனால் படுக்கையை விட்டு எழவே முடியாத நாளில்கூட எதை விடலாம் என்று தேர்ந்தெடுத்து விட வேண்டும். ஒரு பாடத்தின் 2 மணி விரிவுரையை விட்டால் அடுத்த நாள் அதே பாடத்தின் டுடோரியலையாவது பிடிக்க வேண்டும். எந்தப் பாடத்தில் எத்தனை மணி போயிற்று என்பதை நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். எச்சரிக்கைக் கடிதம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், அது தோட்டத்து விலாசத்துக்குத் தபாலில் வந்து சேர்வதற்குள் மேலும் ஒரு வாரம் ஓடியிருக்கும்.

மருத்துவ விடுப்புச் சீட்டு இருந்தால் உடனே கொடுங்கள். சில நாள்களுக்குள் கொடுக்கவில்லை என்றால் பல இடங்களில் ஏற்பதில்லை.

ஐந்து பாடத்தையும் தூக்க முடியாது என்று தெரிந்தால் ஒன்றை முறைப்படி கைவிடுவது தோல்வி ஆகாது. தலா 3 கிரெடிட்டில் ஐந்து பாடம். நான்கில் ‘பி’, ஐந்தாவதில் தோல்வி. அந்தப் பருவத்தின் சராசரி 36-ஐ 15-ஆல் வகுத்து 2.40. அதே ஐந்தாவது பாடத்தைக் காலக்கெடுவுக்குள் கைவிட்டிருந்தால் 36-ஐ 12-ஆல் வகுத்து 3.00. ஒரு படிவம், ஒரு கையெழுத்து. இரண்டுக்கும் அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் கடைசித் தேதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். குறைந்தபட்சம் எத்தனை கிரெடிட் வைத்திருக்க வேண்டும் என்பதும் அப்படியே. பிடிபிடிஎன் வாங்குபவர் இரண்டையும் கல்விப் பிரிவில் கேட்ட பிறகே படிவத்தைத் தொட வேண்டும். பருவத்தையே ஒத்திவைப்பவர் கடன் வழங்குநருக்கும் தெரிவிக்க வேண்டும். சும்மா காணாமல் போவது எல்லாவற்றிலும் மோசம்.

ஒரே வகுப்பில் இருவரும் இருந்தால் குழு வேலைதான் தலைவலி. விரிவுரையாளரிடம் முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. “சார், சொந்தக் காரணத்தால் இந்தக் குழுவில் தொடர முடியவில்லை, இடுபணி தொடங்குவதற்குள் வேறு குழுவுக்கு மாற்ற முடியுமா” என்றால் போதும். பாதி வேலை முடிந்த பிறகு கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. இடுபணி மற்றவரின் கூகல் கணக்கில் இருந்தால், கேட்கப் போவதற்கு முன்பே உங்கள் பகுதிக்கு ஒரு படி எடுத்து உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் அணுகலை நீக்க ஒரு தட்டுப் போதும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறாதீர்கள், ஒலியை மட்டும் நிறுத்துங்கள். வகுப்பு இடம் மாறிய செய்தி அங்கேதான் வரும்.

கைப்பேசி எண் விஷயத்தில் வரிசை முக்கியம். பல ஜோடிகள் மலிவுக்காக ஒருவர் பெயரில் இரண்டு லைன் எடுத்திருப்பார்கள். பிரிந்த மறுநாளே சிம்மைக் கழற்றி எறிந்தால் பணப் பரிமாற்றத்தை உறுதிப்படுத்த வங்கி அனுப்பும் டிஏசி எண் எங்கே வரும்? முதலில் வங்கியில் எண்ணை மாற்றுங்கள். அதற்கு ஏடிஎம் அல்லது கிளை வரை போக வேண்டியிருக்கும். அடுத்து இ-வாலட், பிடிபிடிஎன், கல்லூரி இணையவாசல். அதன் பிறகு கடவுச்சொற்கள். சிம் கடைசியில். பழைய எண்ணே வேண்டுமென்றால் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஒத்துழைக்க வேண்டும். ஆகவே பேச்சு வார்த்தை முற்றும் முறியுமுன் அதை முடித்துக்கொள்வது நல்லது. மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். ஓட்டுவது யாராக இருந்தாலும் சம்மன் பதிவில் உள்ள பெயருக்குத்தான் வரும். தவணையில் வாங்கிக் கொடுத்த பரிசுக்கும் பெயர் கொடுத்தவர்தான் கட்ட வேண்டும். மனக்கசப்பு அதை மாற்றாது.

பிரிந்தவர் பின்தொடர்ந்து வருவது, ஓயாமல் அழைப்பது, கடை வாசலில் நிற்பது எல்லாம் “பாவம், காதலிச்சவன்தானே” என்று விட்டுவிடும் விஷயமல்ல. 2023 முதல் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 507ஏ பிரிவில் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு. செய்திகளை அழிக்காமல், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்தில் புகார் செய்யலாம்.

இனி முதலாளிமார்களுக்கு. பகுதிநேரத் தொழிலாளர் விதிமுறை 2010-இன்படி, முழுநேர ஊழியரின் நேரத்தில் 30 முதல் 70 விழுக்காடு வரை வேலை செய்பவரே பகுதிநேர ஊழியர். வாரம் 45 மணியை முழுநேரமாகக் கொண்டால் 13.5 முதல் 31.5 மணி வரை. மேலே பார்த்த பிள்ளை செய்வது 41 மணி. பெயர்தான் ‘பார்ட் டைம்’. போதாததற்கு ஏழு நாளும் வேலை. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பது சட்டம். உண்மையான பகுதிநேர ஊழியருக்கே ஆண்டுக்கு 7 பொது விடுமுறையும், இரண்டாண்டுக்குக் குறைந்த சேவையில் 10 நாள் மருத்துவ விடுப்பும் சம்பளத்தோடு உண்டு. சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) இரண்டும் பிடித்தாக வேண்டும். சம்பளம், சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் வந்துவிட வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்து, சீட்டு எதுவும் தராமல் விடும் வழக்கம் சின்ன ஊர்களில் இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் கடைக்கு வந்த நேரத்தையும் போன நேரத்தையும் தாங்களே தினமும் குறித்து வைக்க வேண்டும். தொழிலாளர் இலாகாவுக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். ‘வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்’ செயலியிலும் புகார் கொடுக்கலாம்.

சொக்சோவை அழுத்திச் சொல்லக் காரணம் இரவுப் பயணம். காலை 6 மணிக்கு எழுந்த பிள்ளை இரவு 11-க்குக் கடையடைக்கும்போது 17 மணி நேரம் விழித்திருக்கிறது. அந்த நிலையில் மூளையும் கையும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவருக்கு நிகராகத்தான் வேலை செய்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2020 முதல் நம் நாட்டில் வாகனமோட்டிக்கு உள்ள சட்ட வரம்பும் அதுவே. அப்படி ஒருவர் கப்சாய் மோட்டார் சைக்கிளில் ஏறி, லாரி ஓடும் கூட்டரசுச் சாலையில் வந்து, விளக்கில்லாத செம்பனைத் தோட்டத்துப் பாதையில் திரும்புகிறார். கடையிலிருந்து வீடு வரும் வழியில் விபத்து நேர்ந்தால் சொக்சோ உண்டு. முதலாளி பதிவு செய்யாத பிள்ளைக்கு அந்த இழப்பீட்டுக்காக நாயாய் அலைய வேண்டும்.

ஷிப்டுக்கு முன் ஐந்து மணிக்குச் சோறும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுப் போனால் பசியும் தலைசுற்றலும் பாதி குறையும். எட்டு மணிக்கு மேல் காப்பியும் சக்தி பானமும் வேண்டாம். அதன் வேகம் பாதியாகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். நள்ளிரவில் தூக்கம் எப்படி வரும்? கைப்பேசியை அடுப்படியில் சார்ஜில் போடுங்கள். எழுந்திருக்க ஒரு அலாரக் கடிகாரம் போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் எதிலும் ஈடுபாடும் இல்லாமல் போனால் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்கு 1 வெள்ளி. “பேரு கெட்டுடும்” என்று தடுக்காதீர்கள், சளிக்குப் போகிற அதே இடம்தான். உயிரை விட நினைக்கும் அளவுக்குப் போனால் அழைக்க உதவி எண்கள் இருக்கின்றன: 15999 தாலியான் காசே, 03-76272929 பிஃப்ரெண்டர்ஸ், இரண்டும் 24 மணி நேரமும் உண்டு. சுகாதார அமைச்சின் 15555 எண்ணும் உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் வழக்குப் போடும் என்று இன்னும் பல வீடுகள் அஞ்சுகின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. முயன்றவருக்குத் தண்டனை கிடையாது, சிகிச்சை உண்டு.

எங்கள் ஊர்க் கடைக்காரர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வேலை அட்டவணையை ஞாயிறு இரவு வாட்ஸ்அப்பில் போடாமல் இரண்டு வாரத்துக்கு முன்பே ஒட்டுங்கள். பிள்ளை “அண்ணே, மூணு வாரத்துக்கு சனி ஞாயிறு வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்” என்று கேட்டால், ஏன் என்று துருவாமல் 20 மணிக்குள் குறைத்துக் கொடுங்கள். பிரிந்தவர் சாமான் வாங்க வருகிற நேரம் உங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அந்த நேரத்தில் பிள்ளையைக் கல்லாவிலிருந்து எடுத்துப் பின்கட்டில் சரக்கு அடுக்க விட்டால் இருவருக்குமே பெரிய உதவி. நவம்பர், மே மாதங்களில் எந்தக் கல்லூரிக்கு எப்போது தேர்வு என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே கேட்டு நாள்காட்டியில் குறித்துவிட்டால், கடைசி நேரத்தில் ஆள் தேடி ஓடும் வேலை உங்களுக்கும் மிச்சம்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆலோசகர், ஒரு கடை மேற்பார்வையாளர், ஓய்வுபெற்ற தாதி ஒருவர்
சிலிம் ரிவர், பேராக்